ஆடியவரும் ஆட்டுவித்தவரும்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் நெடுஞ்சாலை கரமனை வழியாகச் செல்லுகிறது. ஆற்றங்கரையை ஒட்டிய தெருக்களில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் குடியிருந்து வருகின்றன. வீட்டினுள்ளே தமிழ், வாயிற்படியைத் தாண்டினால் மலையாளம். இரண்டுக்கும் இடையே திண்ணை. அந்தத் திண்ணையில் எந்த மொழியும் செல்லும். எந்தப் பொருளைப் பற்றியும் பேச்சு நடக்கும்.

ஒரு நாள் மாலை அங்கே கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கேரளத்தில் அது வியப்பன்று. உலகக் கோப்பை நடைபெறும் ஆண்டுகளில், தொலைவிலுள்ள நாடுகளின் கொடிகள் இங்கே தென்னை மரங்களில் பறப்பதை நேயர்கள் பலரும் அறிவீர்கள். இளைஞர்கள் இருவர் இத்தாலிய ஆட்டக்காரர்களின் பெருமையைப் பேசிக் கொண்டிருந்தனர். 2006-ஆம் ஆண்டில் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது நடுக்களத்தில் நின்று ஆட்டத்தை நடத்திய ஆந்திரேயா பிர்லோவைப் போல் ஒருவர் நம் நாட்டில் பிறப்பாரா என்று ஒருவர் கேட்டார். அதுவரை வாய் திறவாதிருந்த முதியவர் ஒருவர் மெல்லச் சிரித்துக் கொண்டு, "தம்பி, இத்தாலிக்காரர் நம் ஊருக்கு வந்து ஆடுவதெல்லாம் இருக்கட்டும். இத்தாலிக்கே போய்க் கோல் போட்ட தஞ்சாவூர்க்காரர் ஒருவர் உண்டு. அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா?" என்று வினவினார்.

இளைஞர்களுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அருகில் அமர்ந்திருந்த எனக்கும் அன்று தெரியவில்லை. அந்தப் பெயர் சைமன் சுந்தரராஜ். அவரையும், அவர் இத்தாலியில் ஆடிய அதே போட்டியில் இத்தாலியின் சார்பில் இடம்பெற்ற ஒரு நடுக்கள ஆட்டக்காரரையும் பற்றிச் சில செய்திகளை இன்று உங்களுடன் பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

முதலில் நடுக்களம் என்பது என்ன என்று பார்ப்போம். கால்பந்தாட்டத்தில் முன்னணியில் இருப்பவர் கோல் போடுகிறார். அவர் பெயர் மறுநாள் செய்தித்தாளில் வருகிறது. கோலைக் காப்பவர் ஒரு பந்தைத் தவற விட்டால் அவர் பெயரும் வருகிறது. இருவருக்கும் நடுவே நிற்பவரின் நிலை வேறு. எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது, பறித்த பந்தைத் தக்கவரிடம் சேர்ப்பது, பின்னால் ஆள் குறைந்தால் ஓடிச் சென்று நிரப்புவது, முன்னால் ஆள் வேண்டுமென்றால் அங்கும் போய் நிற்பது ஆகிய இவையே அவர் தொழில். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் தாயைப் போன்றவர் அவர். அவர் செய்யும் வேலை பிறர் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

அத்தகைய ஓர் ஆட்டக்காரர்தாம் ஜொவான்னி திரபத்தோனி. 1939-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள், மிலான் நகருக்கு அருகேயுள்ள குசானோ மிலானினோ என்னும் ஊரில் தொழிலாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். மிலான் கழகத்தில் சேர்ந்து 1971-ஆம் ஆண்டு வரை அங்கேயே ஆடினார். அந்தக் கழகம் 1963-ஆம் ஆண்டிலும் 1969-ஆம் ஆண்டிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது இரண்டு முறையும் அதன் நடுக்களத்தில் நின்றவர் அவர். இத்தனை ஆண்டுகளில் இத்தாலிய லீக் ஆட்டங்களில் அவர் போட்ட கோல்களை ஒரு கைவிரல்களால் எண்ணிவிடலாம். அவருக்கு இடப்பட்ட பணி கோல் போடுவதன்று. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை நிழல்போல் தொடர்ந்து சென்று அடக்குவது.

1963-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரேசில் அணி மிலான் நகருக்கு வந்து இத்தாலியுடன் ஆடியது. பேலேயைக் கவனிக்கும் பொறுப்பு திரபத்தோனிக்குத் தரப்பட்டது. இத்தாலி மூன்று கோல்கள் போட்டு வென்றது. பேலே ஒரு கோலும் போடாமல் இடையிலேயே வெளியேறினார். 'பேலேயை அடக்கியவர்' என்ற பட்டம் அன்று முதல் திரபத்தோனிக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் அவரோ, பேலே அன்று உடல்நலம் குன்றியிருந்தார் என்று பின்னாளில் தாமே வெளிப்படையாகச் சொன்னார். தமக்கு வந்த புகழில் தமக்கு உரியதல்லாத பங்கைத் திருப்பிக் கொடுக்கும் மனம் எளிதில் வாய்ப்பதன்று.

இந்தத் திரபத்தோனி 21 வயது இளைஞராக இடம்பெற்றிருந்த போட்டிதான் 1960-ஆம் ஆண்டின் ரோம் ஒலிம்பிக். இத்தாலி தன் இளம் ஆட்டக்காரர்களைக் கொண்டு ஓர் அணியை அமைத்திருந்தது. பின்னாளில் இத்தாலியின் ஈடிணையற்ற நடுக்கள ஆட்டக்காரராகப் புகழப்பட்டு, 1969-ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய தங்கப் பந்து விருதைப் பெற்ற ஜானி ரிவேராவும் அந்த அணியில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 17. அரையிறுதியில் இத்தாலியும் யூகோஸ்லாவியாவும் ஆளுக்கொரு கோல் போட்டுச் சமநிலையில் நின்றன. இப்போதுள்ளதுபோல் பெனால்ட்டி உதைகளால் முடிவு காணும் முறை அக்காலத்தில் இல்லை. திருவுளச் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். சீட்டு யூகோஸ்லாவியாவின் பக்கம் விழுந்தது. அந்த நாடே தங்கத்தையும் வென்றது. இத்தாலிக்கு நான்காம் இடமே கிடைத்தது.

அதே ஒலிம்பிக்கில் இந்தியாவும் ஆடியது. 1956-ஆம் ஆண்டு மெல்போர்னில் நான்காம் இடம் பெற்ற பெருமையுடன் நம் அணி ரோமுக்குச் சென்றது. பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம். தலைவர் பி. கே. பானர்ஜி. சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம், ஜர்னைல் சிங், பீட்டர் தங்கராஜ் ஆகியோர் அணியில் இருந்தனர். கேரளத்தின் இரிஞ்ஞாலக்குடையைச் சேர்ந்த ஒ. சந்திரசேகரனும் இருந்தார். வங்காளியும் பஞ்சாபியும் தெலுங்கரும் மலையாளியும் ஒன்றுகூடிய அந்த அணியில் தஞ்சாவூரைச் சேர்ந்த தமிழராகிய சைமன் சுந்தரராஜும் இடம்பெற்றார்.

நம் அணிக்கு அமைந்த பிரிவு கடினமானது. ஆகஸ்டு 26-ஆம் நாள் ஹங்கேரியுடன் முதல் ஆட்டம். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றோம். நம் கோலைப் போட்டவர் பலராம். ஹங்கேரியின் கோல்களில் ஒன்றைப் போட்ட ஃபுளோரியன் ஆல்பர்ட், பின்னர் 1967-ஆம் ஆண்டில் தங்கப் பந்து விருது பெற்றார் என்றால், நம்மவர்கள் எதிர்த்து நின்ற அணியின் தரம் விளங்கும். இரண்டாவது ஆட்டம் பிரான்சுடன். பானர்ஜி போட்ட கோலால் இந்தியா முந்தியது. வெற்றி கைக்கெட்டும் என்றிருந்த வேளையில் பிரான்சு ஒரு கோல் போட்டுச் சமன் செய்துவிட்டது. மூன்றாவது ஆட்டம் செப்டம்பர் 1-ஆம் நாள், ஆட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள பெஸ்காரா நகரில், பெரு நாட்டுடன் நடந்தது. பெரு மூன்று கோல்கள் போட்டது. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் இந்தியா ஒரு கோலைத் திருப்பிப் போட்டது. அதைப் போட்டவர் சைமன் சுந்தரராஜ்.

தோற்ற ஆட்டத்தில் கடைசியில் போட்ட ஆறுதல் கோலுக்கு என்ன பெருமை என்று நேயர்கள் நினைக்கலாம். அன்று மைதானத்தில் இருந்தவர்களும் அவ்வாறே நினைத்திருப்பர். ஆயினும் காலம் அந்தக் கோலுக்கு வேறொரு பொருளைத் தந்துவிட்டது. 1960-ஆம் ஆண்டுக்குப் பின் நடந்த எந்த ஒலிம்பிக்கிலும் இந்தியக் கால்பந்தாட்ட அணி ஆடத் தகுதி பெறவில்லை. ஆதலால் ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் சைமன் சுந்தரராஜின் கோலாகவே நிற்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்கடுத்த கோலைப் போட ஆள் வரவில்லை. இது பெருமைதான், ஆனால் அதனுள் ஒரு துயரமும் உண்டு. சாதனைப் பட்டியலில் தம் பெயர் கீழே தள்ளப்பட வேண்டும், தமக்குப் பின் நூறு பேர் வர வேண்டும் என்பதல்லவோ நல்ல ஆட்டக்காரனின் ஆசையாக இருக்க முடியும்!

கோலைப் பற்றிச் சொன்ன முதியவர் அதோடு நிறுத்தவில்லை. "அது பாதிக் கதை. மீதிக் கதை நடந்தது இந்தக் கேரளத்தில்" என்றார். நான் சொல்ல வந்த செய்தியும் அந்த மீதிக் கதையில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் மாநிலங்களுக்கிடையே நடக்கும் கால்பந்தாட்டப் போட்டிக்குச் சந்தோஷ் கோப்பை என்று பெயர். இன்று வங்கதேசத்தில் உள்ள சந்தோஷ் என்ற இடத்து மன்னரின் நினைவாக 1941-ஆம் ஆண்டில் தொடங்கியது அது. தொடக்க காலத்தில் வங்காளத்தின் கையே அதில் ஓங்கியிருந்தது. ஐதராபாத், பம்பாய், மைசூர், இரயில்வே முதலிய அணிகளும் வென்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் உருவாயிற்று. பந்தாட்டத்தில் இத்தனை பித்துக் கொண்ட மாநிலம், ஒலிம்பிக்குக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிய மாநிலம், பதினேழு ஆண்டுகள் அந்தக் கோப்பையைத் தொட முடியாமல் நின்றது. திறமை இருந்தது, ஆர்வம் இருந்தது. கோழிக்கோட்டிலும் கண்ணூரிலும் திருச்சூரிலும் கொல்லத்திலும் தனித்தனியே ஆடி வளர்ந்தவர்களை ஒரே அணியாகக் கோத்தெடுக்கும் கைதான் தேவைப்பட்டது.

1973-ஆம் ஆண்டில் அந்தக் கேரள அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் சைமன் சுந்தரராஜ். அணித் தலைவர் டி. கே. எஸ். மணி. அவ்வாண்டு டிசம்பர் 27-ஆம் நாள் எர்ணாகுளத்தில் இறுதியாட்டம் நடந்தது. எதிரணி இரயில்வே, ஏற்கெனவே கோப்பையை வென்று பழகிய அணி. சொந்த மண்ணில், சொந்த மக்களின் முன்னிலையில், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கேரளம் வென்றது. அந்த மூன்று கோல்களையும் மணி ஒருவரே போட்டார். அன்று முதல் 2017-ஆம் ஆண்டில் மறையும் வரையில், ஏன், மறைந்த பின்னும், கேரளத்துக்கு அவர் 'கேப்டன் மணி'தான். ஒருவர் ஒரு நாள் ஆடிய ஆட்டம் அவர் பெயரின் முன்னொட்டாகவே ஆகிவிட்டது!

மணியின் புகழ் முற்றிலும் அவருக்கு உரியது. அதில் ஒரு துளியையும் குறைக்க எனக்கு எண்ணமில்லை. ஆயினும் அந்த மூன்று கோல்களுக்கும் முன்னால் எத்தனை விடியற்காலைப் பயிற்சிகள் இருந்திருக்கும்! பந்து இல்லாதபோது எங்கே நிற்பது, பந்து கிடைத்தவுடன் யாரை நோக்குவது, இரண்டு கோல்கள் வாங்கிய பின்னும் கலங்காமல் இருப்பது எப்படி என்பவற்றையெல்லாம் ஒருவர் சொல்லித் தராமல் ஓர் அணி தானாகக் கற்றுக்கொள்ளாது. கோல் போட்டவரின் பெயரைப் பதிவேடு காக்கிறது. சொல்லிக் கொடுத்த சொற்களைக் காக்க எந்தப் பதிவேடும் இல்லை.

இத்தாலியின் திரபத்தோனிக்கும் தஞ்சையின் சைமன் சுந்தரராஜுக்கும் உள்ள ஒப்புமை இங்கேதான் வருகிறது. ஒரே ஒலிம்பிக்கில் இடம்பெற்ற இருவரும் பின்னர்ப் பயிற்சியாளர் ஆயினர். திரபத்தோனி 1976-ஆம் ஆண்டில் டூரின் நகரின் யுவென்டஸ் கழகத்தில் பொறுப்பேற்றார். பத்து ஆண்டுகளில் ஆறு முறை அக்கழகத்தை இத்தாலிய லீக்கில் முதலிடம் பெறச் செய்தார். 1989-ஆம் ஆண்டில் இன்டர் மிலான் கழகத்துக்கும் அப்பெருமையைத் தேடித் தந்தார். பிறகு தாய்நாட்டை விட்டு வெளியே சென்றார். ஜெர்மனியில் பாயர்ன் மியூனிக் கழகத்துடன் 1997-ஆம் ஆண்டிலும், போர்ச்சுகலில் பென்ஃபிகா கழகத்துடன் 2005-ஆம் ஆண்டிலும், ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் கழகத்துடன் 2007-ஆம் ஆண்டிலும் லீக் வெற்றி கண்டார். நான்கு நாடுகளில், மூன்று மொழிகளுக்கு நடுவே அடைந்த வெற்றி அது. பின்னர் அயர்லாந்து நாட்டு அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது, பத்திரிகையாளர் கூட்டங்களில் அவர் அருகே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அமர்ந்திருப்பார்.

மொழிபெயர்ப்பே என் பிழைப்பு. ஆகையால் அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்த்த நிகழ்ச்சி ஒரு கோப்பையைப் பற்றியதன்று. 1998-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள், மியூனிக் நகரில், தம் அணியினர் சிலரின் பொறுப்பின்மையால் மனம் கொதித்திருந்த அவர், பத்திரிகையாளர் முன் ஜெர்மன் மொழியில் பேசினார். மூன்று நிமிடங்கள்தாம் பேசினார். வேற்றுமை உருபுகள் தடுமாறின. வினைகள் இடம் மாறின. இறுதியில் 'நான் பேசி முடித்துவிட்டேன்' என்று சொல்ல எண்ணியவர், துணைவினையை மாற்றிப் போட்டுப் பிழையாக ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போனார். ஜெர்மானியர் சிரித்தனர். ஆனால் சிரிப்போடு அது முடியவில்லை. இலக்கணப் பிழை மலிந்த அந்தப் பேச்சில் இருந்த உண்மை அவர்களைத் தொட்டது. அந்தப் பிழையான வாக்கியத்தையே ஜெர்மானியர் தங்கள் அன்றாட வழக்கில் ஏற்றுக்கொண்டனர். வெளிநாட்டார் ஒருவரின் தவறு ஒரு மொழியில் குடியுரிமை பெற்றது!

நேயர்களே, வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் எவருக்கும் அந்தச் சிரிப்பு புதியதன்று. நான் கேரளத்துக்கு வந்த புதிதில், அலுவலகம் ஒன்றில் என் கோப்பை விரைந்து முடித்துத் தருமாறு கேட்பதற்காக, 'எனக்கு அவசரம்' என்பதை மலையாளமாக்கிச் சொன்னேன். தமிழில் அவசரம் என்றால் விரைவு. மலையாளத்தில் அதே ஒலியுடைய சொல்லுக்கு வாய்ப்பு என்று பொருள். 'எனக்கு வாய்ப்பாக இருக்கிறது' என்று ஒருவன் வந்து நின்றால் யார்தாம் சிரிக்க மாட்டார்கள்? அறை முழுவதும் சிரித்தது. அன்று முழுவதும் நான் வாய் திறக்கவில்லை. மறுநாளும் குறைவாகவே பேசினேன். சிரிப்புக்கு அஞ்சி வாயை மூடிக் கொண்டவன் வேலையையும் பாதியாகவே செய்வான் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

பயிற்சியாளருக்கோ வாயை மூடிக் கொள்ளும் வசதி இல்லை. சொல்லால் அன்றி வேறு எதனாலும் அவர் தம் பணியைச் செய்ய முடியாது. பிறமொழி பேசும் இளைஞர்களின் நடுவே சென்று, அவர்களுடைய மாநிலத்தின் நெடுநாள் ஏக்கத்தைத் தம் ஏக்கமாக ஏற்று, வேலை செய்து முடித்தவர் சைமன் சுந்தரராஜ். அந்த வெற்றிக்குப் பின் கேரளத்தின் வழி திறந்தது. 1992-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கேரளம் மீண்டும் கோப்பையை வென்றது. 2022-ஆம் ஆண்டில் மலப்புறம் மாவட்டத்து மஞ்சேரியில் வென்றது ஏழாவது முறை. தமிழ்நாடோ 2022-ஆம் ஆண்டு வரை அந்தக் கோப்பையை ஒரு முறையேனும் வென்றதில்லை. தஞ்சைத் தமிழர் ஒருவர் அண்டை மாநிலத்துக்கு வழிகாட்டிக் கொடுத்த கோப்பை, அவர் பிறந்த மாநிலத்துக்குக் கிட்டாமலே நின்றது.

இதைக் கேட்ட இளைஞர்களுள் ஒருவர், "அப்படியானால் அவர் தமிழ்நாட்டுக்கே அல்லவோ பயிற்சி அளித்திருக்க வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதே கேள்வியை நம்மிடமும் கேட்பவர்கள் உண்டு அல்லவா? ஊரை விட்டு வந்து வேற்றிடத்தில் உழைக்கிறோமே, இந்த உழைப்பு யாருக்கு என்று நாமே நம்மைக் கேட்டுக் கொள்ளும் இரவுகளும் உண்டு. டில்லியின் அலுவலகத்திலும், மும்பையின் ஆலையிலும், பெங்களூரின் பள்ளியிலும் வேலை செய்து களைத்த நேயர்கள் இதை அறிவார்கள். ஊரார் நம்மை 'வெளியூர்க்காரர்' என்பர். இங்குள்ளோர் 'தமிழர்' என்பர். இரண்டு இடத்திலும் முழுக் கணக்கில் வராமல் நடுக்களத்தில் நிற்பதுபோல் ஓர் உணர்வு.

முதியவர் அந்த இளைஞருக்கு அளித்த மறுமொழியை இங்கே சொல்லுகிறேன். "1973-இல் கோப்பை வென்ற மறுநாள் காலை, இந்தத் தெருவில் தமிழ் வீடு, மலையாள வீடு என்று யார் பார்த்தார்கள்? ஒரே செய்தித்தாளைப் பத்துப் பேர் கூடி நின்று படித்தோம். பயிற்சியாளர் நம் தஞ்சாவூர்க்காரர் என்று நான் சொன்னபோது, அடுத்த வீட்டு மலையாளி, 'உங்களுடையவர் இல்லை, எங்களுடையவர்' என்று என்னோடு சண்டைக்கு வந்தார். ஒரு மனிதனைத் தன்னுடையவன் என்று இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள் என்றால், அவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?"

திரபத்தோனியின் வாழ்க்கை பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. அவர் ஆடிய ஆட்டங்கள் படச்சுருள்களில் காக்கப்பட்டுள்ளன. செல்வம் மிக்க கழகங்களும் நாள்தோறும் விளையாட்டுக்கென்றே அச்சாகும் செய்தித்தாள்களும் உள்ள நாடு அது. நம் பயிற்சியாளர்களுக்கு அத்தகைய வசதி வாய்க்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு. அவற்றிலும் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. இந்தக் குறையை நாம் ஓரளவு தீர்க்கலாம். நாம் வாழும் மாநிலங்களில் நமக்கு முன் வந்து உழைத்த தமிழர்கள் விளையாட்டிலும் இருந்திருக்கிறார்கள். கல்வியிலும் தொழிலிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களை அறிந்த முதியவர்கள் நம் தெருவிலேயே இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம். நம் பிள்ளைகள் இத்தாலிய ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லும்போது மகிழ்வோம். அதனுடன் பெஸ்காராவில் கோல் போட்ட தஞ்சாவூர்க்காரரின் பெயரையும் சேர்த்துச் சொல்லக் கற்பிப்போம்.

அன்று திண்ணையிலிருந்து எழுந்தபோது அந்த இளைஞர் தம் கைப்பேசியில் ஒரு பெயரைக் குறித்துக் கொண்டார். மலையாளத்தில் படித்தவர் ஆகையால் மலையாள எழுத்தில் குறித்துக் கொண்டார். முதியவர் அதைப் பார்த்துவிட்டு, "சரியாகத்தான் எழுதியிருக்கிறாய், அப்படியே தமிழிலும் ஒரு முறை எழுதிவிடு" என்றார். அவர் எழுதினார். 'சைமன்' என்பதைத் தடையின்றி எழுதியவர், 'சுந்தரராஜ்' என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. முதியவர் விட்டுப்போன எழுத்தைச் சொன்னார். அவர் திருத்திக் கொண்டார்.